இரண்டு கட்டைக்கு நடுவே ஒரு குரல்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் கையுமாக இருப்பார். ஏழாவது நாள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டீஜே ஆகிவிடுவார், அதுவும் டெக்னோ என்கிற மெஷின் தாளப் பாட்டுகளுக்கு. நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. நானும் கேட்டவள்தான், மறைப்பானேன்.

எதையும் அளந்து செய்கிற மனிதர். ஒவ்வொரு பாட்டுக்கும் நோட்டில் இரண்டு எண்கள் எழுதுவார். ஒன்று நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்கிற வேகம். மற்றது சுருதி எண், கடிகார முகப்பு மாதிரி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. பக்கத்துப் பக்கத்து எண் உள்ள பாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடினால் இதமாக இருக்கும். சேராததைச் சேர்த்தால் ஆட வந்தவர்கள் முகம் சுளித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

பதினோரு வருடமாக, வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் இவருக்கு மேடை. போன மாதம் நடன அரங்கத்துக்காரர் ஒருவழியாக மனமிரங்கினார். "ஞாயிறு சாயங்காலம் நாலிலிருந்து அஞ்சு. கூட்டம் நின்னா அந்த நேரம் இனிமே உங்களுது. கலைஞ்சுதுன்னா திரும்ப என்கிட்ட வரக் கூடாது."

அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசிப் பாட்டாகத் தானே ஒரு ரீமிக்ஸ் செய்தார். அதில் நடுநாயகமாக இருந்தது நான் பாத்திரம் கழுவும்போது முனகுகிற முனகல்! எனக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறார்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று கரண்டியை வீசாத குறையாகக் கத்தினேன்.

"கேட்டிருந்தா நீ வாயே திறந்திருக்க மாட்ட."

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கணும், அதானே?"

அதைவிடக் கொடுமை, என் குரலுக்குச் சுருதி எண்ணே கிடைக்கவில்லையாம். "பியானோவுல ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்குது. தரைக்கு நாலு விரல் கீழ நின்னுட்ட லிஃப்ட் மாதிரி."

"லிஃப்ட்டைப் போய் ரிப்பேர் பண்ணுங்க. என்னை விட்டுடுங்க."

கணினியில் இழுத்துத் திருத்தலாமாம். அவருக்கு மனசு வரவில்லை. குரலை அப்படியே வைத்து, நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடியில் தாளம் கட்டினார். ஓட்டும்போது நூற்று முப்பத்திரண்டுக்கு வேகத்தைக் கூட்டினால், வேகத்தோடு குரலும் கொஞ்சம் ஏறி, சரியாகக் கட்டையில் உட்கார்ந்துவிடும். வீட்டில் போட்டுக் காட்டினார். பத்து வயது குறைந்த என் குரல் மாதிரி இருந்தது. பிடித்திருந்தது, ஆனால் சொல்லவில்லை.

ஞாயிறன்று நூறு பேர் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஒரு பிசிறில்லை. பிறகு, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் மேல் என் முனகலை ஏற்றினார். அடியெல்லாம் அச்சாகப் பொருந்தியது. சுருதி மட்டும் பல்லைக் கூச வைத்தது. முன்வரிசை ஆட்டத்தை நிறுத்தியது. பத்துப் பேர் வாசலைப் பார்த்து நடந்தார்கள். அங்கே அரங்கத்துக்காரர் கைகட்டி நின்றிருந்தார். இவர் நோட்டைப் புரட்டினார், வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். இப்போது தாளமும் தடுமாறியது.

அப்போதுதான் கவனித்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன்.

"என்னங்க, இது என் குரலு!"

"உன் குரல்தான், யார் இல்லேன்னா? இப்ப அதுவா முக்கியம்?"

"ஐயோ, வீட்டுல போட்டுக் காட்டின குரல் இல்லீங்க. பாத்திரம் கழுவுற குரல். ஏறவே இல்ல!"

ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து கருவியைப் பார்த்தார். ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீ லாக் என்கிற பொத்தான். வேகத்தை எவ்வளவு மாற்றினாலும் சுருதியை அசையவிடாது. இவருக்கு முன்னால் வாசித்தவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டுப் பழைய டீஜே பெட்டியில் அப்படியொரு பொத்தானே கிடையாது. நோட்டில் எல்லாம் எழுதியவர் இதைப் பார்க்க மறந்துவிட்டார்.

"மடையன் நான்," என்று பொத்தானை அணைத்து, வேகத்தை நூற்று முப்பத்திரண்டில் நிறுத்தினார். என் குரல் மெல்ல ஏறி இடத்தில் உட்கார்ந்தது. முன்வரிசை மறுபடி ஆடத் தொடங்கியது. வாசலுக்குப் போனவர்கள் தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தார்கள்.

ஐந்து மணிக்குத் தாளத்தை ஒவ்வொன்றாக நிறுத்தினார். என் முனகல் மட்டும் மிஞ்சியது. வேகத்தை மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். குரலும் இறங்கி, இரண்டு கட்டைக்கு நடுவில் அதன் பழைய இடத்தில் நின்றது. அடுத்து எந்தப் பாட்டும் இல்லை, எதோடும் சேர வேண்டிய அவசியம் இல்லை. நூறு பேரும் அசையாமல் கேட்டார்கள். எனக்குக் கண்ணீர் கொட்டியது.

அரங்கத்துக்காரர் மேடைக்கு வந்தார். "அடுத்த ஞாயிறும் நாலு மணிக்கு வந்துடுங்க. ஆமா, அந்தக் குரல் யாருது?"

இவர் என்னைத் தயங்கிப் பார்த்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் "என்னுது" என்றேன்.