ஆறு நிமிட நடை

மருத்துவமனை நடைவழியில் அக்கா நடந்துகொண்டிருந்தாள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறாள் என்று அளக்கும் சோதனை. விரலில் ஆக்சிஜன் காட்டும் கிளிப். பின்னால் கடிகாரத்துடன் நர்ஸ். நான் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன்.

அக்காவுக்கு லூபஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். மாத்திரையில் மூட்டு வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் அதே அழற்சி நுரையீரல் ரத்தக்குழாய்களின் சுவரையும் தடிக்க வைத்திருக்கலாம் என்று இதயத்தை எக்கோ ஸ்கேனில் பார்த்த டாக்டர் சொன்னார். குழாய் குறுகினால் அழுத்தம் ஏறும். இதயத்தின் வலது பக்கம் திணறும். அழற்சி அளவிலேயே இருந்தால் மருந்துக்குத் தணிய வாய்ப்புண்டு. சுவர் இறுகிவிட்டிருந்தால் கஷ்டம். அக்கா எந்த நிலையில் இருக்கிறாள் என்பது தெரிய வேண்டும்.

பத்திரிகையில் பிழை திருத்திய பழக்கத்தில் அவளுடைய பழைய மருத்துவச் சீட்டுகளை வரிசையாகப் படித்திருந்தேன். எல்லாவற்றிலும் ‘தொந்தரவு இல்லை’. எங்கள் பக்கத்தில் யார் நலம் கேட்டாலும் ‘நல்லா இருக்கறேனுங்க’ என்பதுதான் மரியாதை. டாக்டரிடமும் அக்கா அதையே சொல்லிவந்தாள். அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

தொண்டாமுத்தூர் தோட்டத்தில் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு முறை நிற்பாள், தென்னையை அண்ணாந்து பார்ப்பதுபோல. நானும் பக்கத்தில் நின்று காய்ப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

மூன்றாவது நிமிடத்தில் அவள் உதடு வெளுத்தது.

“முடியலீன்னா நின்னுக்கலாமுங்கம்மா,” என்றாள் நர்ஸ்.

“பரவால்ல அம்மணி.”

“அக்கா, நில்லுங்க,” என்றேன்.

“சும்மா இரு கண்ணு. அந்தப் புள்ளையும் கூடவே நடக்குது. நடுவுல நின்னா நல்லாவா இருக்கும்?”

“எனக்கு நடக்கறதுக்குச் சம்பளமுங்கம்மா. உங்களுக்கு யாரு தர்றாங்க?”

அக்கா சிரித்தாள். சிரிப்புக்கு மூச்சு போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்தாள். மேலே டியூப்லைட்தான் இருந்தது.

“இங்க தென்னை இல்லீங்கக்கா,” என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். “முடியல அம்மணி.”

அக்கா நின்ற நேரத்தையும், நடந்த தூரத்தையும், ஆக்சிஜன் இறங்கிய அளவையும் நர்ஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

டாக்டர் அறையில் நாங்கள் உட்காரும்போதே அவர் கேட்டார்: “எப்படி இருக்கீங்கம்மா?”

அக்கா வாயெடுத்தாள். நிறுத்தினாள். கையிலிருந்த தாளை மேசைமேல் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“அதுல எழுதியிருக்குதுங்க.”