நான் வாசிக்காத பெயர்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்த விழாவில், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் பெயரை வாசிக்க நான் மறந்துவிட்டதாக இன்றும் சிலர் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வழக்காடியவன்மீது இப்படியொரு குறை சொல்வது முறையன்று. நான் மறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில் என்னைச் சென்னைக் கல்லூரியில் சேர்க்க என் தந்தை உடன் புறப்பட்டார். ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றின் மேலாளர் அவர். எத்தனை முறை குளித்தாலும் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஏறிய வாடை உடம்பை விட்டு முழுதாகப் போகாது. எங்களுக்குள் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் வகுப்புப் பயணிகளின் அறையில் நாங்கள் அமர்ந்திருந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வந்து நின்றார்.

“மேஸ்திரி, இங்க நாலு ஜனம் உக்கார வாணாமா? கூட்ஸ் கொட்டாய்ல போய் நில்லு. தோல் மூட்டைக்குத் தொணையா இருக்கும்.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சட்டைப்பையில் இருந்த பயணச்சீட்டை என் தந்தை எடுத்துக்கூடக் காட்டவில்லை. “வண்டி வர்ற நேரந்தானேடா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் குற்றத்தையும் அம்மனிதரின் தலையிலேயே வைத்தேன்.

ஐம்பதுகளின் இறுதியில் நிலையத்தின் கல் வளைவுகளைச் சீராக்கி, ஓடுகளை மாற்றித் திறப்பு விழா வைத்தபோது, வரவேற்புக் குழுவின் துணைத்தலைவன் நான். பழைய மணி எங்கே தொங்கியது, கடிகாரம் எந்தச் சுவரில் இருந்தது என்பதையெல்லாம் கொத்தனார்களுக்குக் காட்டியவர் அந்த முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர்தான். விழாவில் போடும் மாலைகளில் ஒன்று அவருக்கு உரியது என்பதில் எனக்கும் ஐயம் இருந்ததில்லை. முதல்நாள் அவர் வீட்டுக்கு நானே சென்று, மனைவி பேரப்பிள்ளைகளோடு வரவேண்டும் என்று அழைத்தேன். முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி போடச் சொன்னதும் நான்தான்.

மாலைக்குரியவர்களின் பெயர்களை வாசிக்கும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால், முதல் வரிசையில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் தம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சுண்ணாம்பு கொடுத்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும்கூட மாலை விழுந்தது. கடைசி மாலையைத் தோல் மூட்டை ஏற்றும் கூலிகளின் மேஸ்திரிக்குப் போடச்செய்து, பட்டியலை மடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் வந்தார்.

“வக்கீல் சார், நம்ம பேரு விட்டுப்போச்சா? பேரப்பசங்க கேக்குதுங்க.”

“விட்டுப்போகவில்லை. நான் வாசிக்கவில்லை.”

“இன்னா தப்பு பண்ணேன் சார் நானு?”

சொன்னேன். என் தந்தையின் தோற்றம், அமர்ந்திருந்த பெஞ்சு, அன்று இவர் பேசிய சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நெனப்பு வர்லியே சார். அந்த நாள்ல எத்தினியோ பேர வெளிய அனுப்பியிருக்கேன்.”

அதுவரை என்னுள் கொஞ்சம் இரக்கம் மிஞ்சியிருந்தது. அது அந்த நொடியில் போயிற்று.

மறுவாரக் குழுக் கூட்டத்தில், அவர் வீட்டுக்கே சென்று மாலை போட்டு வரலாம் என்றார்கள். அப்படியானால் என் ராஜினாமாவை இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள் என்று எழுந்து நின்றேன். ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தார். தலைவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு, நிகழ்ச்சிநிரலில் அடுத்ததை எடுத்துக்கொண்டார்.