உள்ளங்கையில் ஏற்றிய கற்பூரம்

ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். மனைவி இறந்தபின் தனியாகத்தான் இருக்கிறேன். மகள் குடும்பத்தோடு குவைத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். பேத்தி "ஹாய் தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

கையிலிருந்து நெருப்பை வீசும் கார்ட்டூன் வீரன் என்றால் அவளுக்கு உயிர். ஒருநாள், "தாத்தா, உனக்கு நெருப்பு விட வருமா?" என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையில், "ஓ, வருமே!" என்றேன்.

போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, சாமி படத்தருகே இருந்த கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்து ஏற்றினேன். பேத்தி கைதட்டினாள். சூடு தாங்காமல் கையை உதறினேன். எரிந்துகொண்டிருந்த கற்பூரம் என் பாலியஸ்டர் சட்டையில் விழுந்து பற்றிக்கொண்டது. அதுவும் வித்தை என்று நினைத்து அவள் குதித்தாள்.

"நைனா, சொக்கா எரியுது!" என்று மகள் அலறினாள். அத்தனை தூரத்திலிருந்து அவளால் வேறென்ன செய்ய முடியும்? அந்த அலறலைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டு ரமணம்மா ஓடிவந்து, ஒரு குடம் தண்ணீரை என்மேல் கொட்டினார்.

"அய்யோ தேவுடா! ஒண்டியா கீற வூட்ல இன்னா அண்ணா பண்ணிக்கினு கீற?" என்றார்.

மார்புப் புண் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் கற்பூரத்தைத் தட்டில் மட்டும்தான் ஏற்றுகிறேன். பேத்தி ஓடினால், ஓடட்டும் என்று விட்டுவிடுகிறேன். போன் அணைந்ததும் ரமணம்மா வீட்டு வாசலுக்குப் போகிறேன். "துன்னியா அண்ணா?" என்று கேட்பார். அதைக் கேட்கத்தான் போகிறேன்.