தரையை உரசும் பம்பர்

ஷார்ஜாவில் சாலையின் மேல் ஒன்றுமே கிடப்பதில்லை. எட்டு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. கார்களுக்கு பாடி கிட் மாட்டும் பட்டறையில் வேலை செய்கிறேன். கம்பெனி கொடுத்த பம்பரைக் கழற்றிவிட்டுத் தரையைத் தொடுகிற மாதிரி வேறொன்று, இரண்டு பக்கமும் பட்டி, பின்னால் ஓர் இறக்கை. இதுதான் பிழைப்பு. போன வாரம் ஓர் அரபிக்காரர் தன் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து, "ஔர் நீச்சே, ஔர் நீச்சே" என்று கையைத் தாழ்த்திக்கொண்டே போனார். இன்னும் கீழே இறக்க வேண்டுமாம். உரசும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எதில் உரசும் என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. கூலியை ஏற்றத்தான் பயமுறுத்துகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என் சட்டைப்பையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபம் அவர் மேல் அல்ல, ஊரில், கம்பம் பக்கம் இருக்கும் உங்கள் மேல்.

இரண்டு லீவுக்கு முன்னால் உத்தமபாளையத்தில் ஒரு நிக்காஹ். பிரியாணிப் பந்தியில் மச்சான் முறையுள்ள ஒருவர், "என்ன மாப்ள, அங்கன போயி இன்னும் காருதான் கழுவுறியா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. பாதியிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன். ஊரோடு திரும்பிவிடுவது, கம்பத்தில் பாடி கிட் கடை போடுவது, கடைக்கு விளம்பரமாக நானே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவது. மதுரையில் பழைய சிவப்புக் கார் ஒன்று அமைந்தது. என் மனைவி சபீனாவுக்கு நான் திரும்பி வருகிறேன் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. தனியாக இருந்து அலுத்துப் போயிருந்தாள். பைபாஸ் பக்கம் ஒரு ஷெட்டை அவளே பேசி வைத்தாள்.

கிட் தேர்ந்தெடுப்பதில்தான் என் புத்தி மழுங்கியது. ஒன்று ரப்பர் மாதிரி வளையும், இடித்தாலும் உடையாது, ஆனால் பார்வைக்கு எடுப்பாக இருக்காது. இன்னொன்று ஃபைபர். அகன்ற வாய், தரையிலிருந்து ஆறு விரல் உயரம். வாடிக்கையாளர்களுக்கு முதலாவதைத்தான் சொல்வேன். ஆனால் மச்சானின் வாயை அடைக்க அது போதாது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் இல்லை. கம்பத்துக்கு வரும் வழியிலேயே உயரமான அனுமந்தன்பட்டி வேகத்தடையைச் சபீனாவை விட்டே அளந்து பார்த்தேன். "ஊரே வேடிக்கை பாக்குது. கொஞ்சம் ஒசக்க இருக்கறதாப் பாத்து எடுங்களேன்" என்று போனில் சிடுசிடுத்தாள். காலிங் கார்டு தீரும்வரை சண்டை. குறுக்காக ஏற்றினால் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டு ஃபைபரையே எடுத்தேன்.

போன தை மாதம், வேலையை விடுமுன் கடையைப் பார்த்துவிடலாம் என்று லீவில் வந்து, மதுரையில் என் கையாலேயே மாட்டி, சபீனாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கிளம்பினேன். உசிலம்பட்டி வரை பார்க்காத கண் இல்லை. ஒரு வேகத்தடையும் உரசவில்லை. ஆண்டிபட்டி தாண்டியதும் சாலையின் மேல் கொள்ளு. செடியோடு பிடுங்கி வந்து, பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கட்டும் என்று பரப்பி வைத்திருந்தார்கள். அறுப்புக் காலத்தில் இப்படித்தான் என்பது அந்தப் பக்கம் பிறந்த எவனுக்கும் தெரியும். மேட்டையெல்லாம் அளந்த நான் இதை மறந்தே போயிருந்தேன். பம்பர் வாரிய செடியெல்லாம் அடியில் திரண்டு, கார் திணறி நின்றது. சைலன்சரில் பட்டுப் புகைய ஆரம்பித்தது.

"ஏலே, நிறுத்துலே! அம்புட்டையும் இழுத்துக்கிட்டா போற?" என்று தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்தாள்.

"ரோடு என்ன ஒங்க வீட்டுக் களமா?" என்று நானும் கத்தினேன்.

"பஸ்ஸு போகுது, லாரி போகுது. ஒனக்கு மட்டும் தரையில வயிறு தேயுதாலே?"

குடத்துத் தண்ணீரை அடியில் ஊற்றினாள். குனிந்து செடியைப் பற்றி ஓர் இழு இழுத்தாள். பம்பர் பாதியாகப் பிளந்து அவள் கையோடு வந்தது. நான் கையை ஓங்கிவிட்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. வயலிலிருந்து நாலைந்து பேர் அரிவாளோடு ஏறி வந்தார்கள். சபீனா இறங்கிக் குறுக்கே நின்றாள்.

"கோவிச்சுக்காதீகக்கா. இவுக வெளியூரு. நம்ம பக்கத்துப் பழக்கம் தெரியாது."

அந்தப் பெண்ணின் முகம் அப்படியே மாறிவிட்டது. "மொதல்லயே சொல்றதுக்கென்ன? வெயில்ல நிக்காதீங்க சார், அந்தப் புளியமரத்துப் பக்கம் போயி நில்லுங்க" என்றாள். நான் கம்பத்துக்காரன் என்று சொல்ல வாய் துடித்தது. தெரிந்த ஊர்க்காரனே இப்படிச் செய்தான் என்றால் மன்னிக்க மாட்டார்கள். போய் மரத்தடியில் நின்றேன். சபீனா அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே கொள்ளைத் திரும்பப் பரப்பினாள்.

காரில் ஏறியதும் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"சொல்லலைன்னா அடிச்சிருப்பாக" என்றாள். மடியில் ஒட்டியிருந்த கொள்ளுச் செடியைத் தட்டிவிட்டு, "பொய்யா சொன்னேன்?" என்றாள்.

ஷெட் வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டு, லீவு முடிவதற்குள் விமானம் ஏறிவிட்டேன். உங்கள் சாலையை, உங்கள் பந்தியை, உங்கள் சிரிப்பை எல்லாம் இங்கே நின்று வாய் வலிக்கத் திட்டுகிறேன். சபீனாவை மட்டும் திட்ட முடியவில்லை. ஊரோடு எப்போது வருவீர்கள் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. போன வெள்ளிக்கிழமை, வருகிற ரம்ஜானுக்கு வருகிறேன் என்றேன். "வாங்க" என்றாள். "எத்தன நாளு இருப்பீக?"