கட்சாலில் ஐந்நூறுக்கு ஐந்நூறு

கையில் சரக்கே இல்லாமல் ஊர் ஊராய்ப் போய் விற்கிற தொழில் எங்களுடையது. பள்ளிக்கூடங்களுக்குக் குவாண்டம் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்யக் கிளம்பிய என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா? அந்த ஜந்துவை நானும் பார்த்ததில்லை, என்னை அனுப்பியவரும் பார்த்ததில்லை. ஆனால் கப்பலேறிப் போய் பதினோராம் வகுப்புக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்கும் அதைப் புரிய வைத்துவிட்டு வர வேண்டும். அந்த வருஷம் கூடுதலாக ஒரு தலைவலி. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் நடக்கும் குவாண்டம் கோடை முகாமில் எங்கள் தீவுகள் முழுவதற்கும் ஒரே ஒரு இடம். ஒரு பிள்ளையும் தேறாவிட்டால் அடுத்த வருஷம் அதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

குடைக்கடையில்

போர்ட் பிளேர் பஜாரில் வாப்பாவுக்குக் குடைக்கடை. மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று அவருக்கு மனக்குறை. ஒருநாள் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். சாதாரண கம்ப்யூட்டரில் சுழியம் இருக்கும், இல்லாவிட்டால் ஒன்று இருக்கும். இதில் க்யூபிட் என்று ஒன்று. அளந்து பார்க்கிறவரை இரண்டும் கலந்த நிலையில் இருக்கும், பார்த்த மாத்திரத்தில் ஏதாவது ஒன்றாகிவிடும். வாப்பா ஒரு குடையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"வாங்க வர்றவன் விரிச்சுப் பாக்கக் கூடாத குடையையாடா நீ விக்கிறே?"

கப்பல் போகுமா

உதாரணத்தை உள்ளூரிலேயே எடு என்பது எங்கள் தொழில் தர்மம். மாயாபந்தர் பள்ளிக்கூடத்தில் எடுத்தேன். "நாளைக்குக் கப்பல் போகுமா, போகாதா? ஜெட்டியில் போர்டைப் பார்க்கிறவரை இரண்டும்தானே? அதுதான் க்யூபிட்." ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். ஜெட்டியில் வேலை பார்ப்பவரின் மகள் ஜான்சி மட்டும் எழுந்தாள். "இல்ல சார். போகாதுன்னு ஆபீஸ்ல நேத்தே முடிவு பண்ணிருவாங்க. நமக்குத்தான் சொல்ல மாட்டாங்க."

அவள் சொன்னதுதான் சரி. கப்பல் விஷயத்தில் முடிவு எங்கோ ஒளிந்திருக்கிறது. க்யூபிட்டில் முடிவே ஆகவில்லை. வித்தியாசமே அதுதான். இவளை விடக் கூடாது என்று அங்கேயே முகாம் விண்ணப்பத்தை நீட்டினேன். "மெயின்லேண்டுக்குக் கப்பல்லயா சார்?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அப்ப போகலன்னு முடிவு பண்ணிட்டேன் சார். உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன்."

திருத்தம்

மிச்சம் இருந்தது கட்சால் தீவு. இலங்கை மலையகத்திலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். சுனாமிக்குப் பிறகு கட்டிய பள்ளிக்கூடம். லேபில் சாமான் குறைவு, பிராக்டிகல் நோட்டு மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஊசல் ஆடினாலும் ஆடாவிட்டாலும் பிசிக்ஸ் வாத்தியார் மாரிமுத்து சார் புத்தகத்தில் உள்ள 9.8-ஐ நோட்டில் வரவழைத்துவிடுவார்.

அங்கேதான் சரஸ்வதி கிடைத்தாள். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். வெளிநாட்டில் ஒரு நிஜ குவாண்டம் கம்ப்யூட்டர் உண்டு, நெட் வழியாக அதற்கு வேலை கொடுக்கலாம். கட்சால் நெட்டை நம்ப முடியாது என்பதால், அவள் தாளில் போட்டுக் கொடுத்த சோதனையை நான் போர்ட் பிளேரிலிருந்து அனுப்பினேன். ஆயிரம் முறை ஓடிய விடையைப் போனில் வாசித்தேன். பிணைத்த இரண்டு க்யூபிட்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்; பாதி தடவை சுழியம், பாதி தடவை ஒன்று. மெஷின் சில தடவை ஆளுக்கொன்றாக உளறியிருந்தது. நிஜ மெஷின் அப்படித்தான்.

முகாமுக்கான அவள் கட்டுரை கப்பலில் வந்தது. பிரித்தால் ஐந்நூறு, ஐந்நூறு. ஒரு பிசிறு இல்லை. பார்த்த உடனே பொய் என்று முகாம்காரர்கள் தூக்கி எறிவார்கள். போன் போட்டுக் கத்தினேன். எடுத்தது மாரிமுத்து சார். "நம்ம புள்ள போகணுமேன்னுதான் திருத்தினேன் சார். தப்பான ரீடிங்குக்கு யாரு சீட்டுக் கொடுப்பாங்க?"

சரஸ்வதி போனை வாங்கினாள். மெஷின் ஏன் பிழை விட்டது என்று அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாளாம், சார் அதை எடுத்துவிட்டாராம். "படி" என்றேன். அவள் படிக்கப் படிக்க எழுதி, மெஷின் கொடுத்த எண்களையே திரும்பப் போட்டு அன்றே அனுப்பினேன். இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. அந்தப் பக்கத்துக்காகவே கொடுத்ததாகச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்தியை மாரிமுத்து சாரிடம் சொன்னேன்.

"அப்ப இத்தன காலமா எத்தன புள்ளைங்களோட நல்ல தப்ப நான் அழிச்சேனோ சார்."

ஆக, குவாண்டம் கம்ப்யூட்டிங் எங்கள் தீவுகளில் வேரூன்றியதோ இல்லையோ, நோட்டில் பிழை இருந்தால்தான் மாரிமுத்து சார் கையெழுத்துப் போடுகிறார் என்பதால் கட்சால் பிள்ளைகள் இப்போது ஒருவர் பிழையை ஒருவர் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள்.