ஒரு லிட்டர் வீட்டுத் தண்ணீர்

என் தங்கை ரோஸ்லினைப் போல ஒரு பிடிவாதக்காரியைச் செலியமேட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மளிகைக்கடைத் தராசையே சந்தேகப்பட்டு மறுபடி நிறுக்கச் சொல்வாள். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து நான்கு வருடம் ஆகிறது. பதினேழு ஆராய்ச்சி வேலைகளுக்கு எழுதிப்போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் இருபத்தெட்டு முடிகிறது, வயது வரம்பு அவ்வளவுதான். நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு வந்த இந்த அழைப்புதான் கடைசி.

செய்முறைத் தேர்வுக்கு வீட்டுக் குடிநீர் ஒரு லிட்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் அப்பா ஆண்டனி கரும்புக் கொல்லை ஓரம் போட்ட போர் தண்ணீரைத்தான் தெருவே குடிக்கிறது. "என் தண்ணியப் பாத்தாலே வேலையக் குடுத்துடுவான்" என்று அவரே பாட்டிலில் பிடித்துத் தந்தார்.

நான்தான் ஸ்கூட்டியில் அவளைக் கூட்டிப்போனேன். என் நான்கு மாதப் பாப்பாவைப் புருஷன் பாக்யராஜ் பார்த்துக்கொண்டார். எனக்குப் பால் போதவில்லை, அவளுக்குப் புட்டிப்பால்தான். கிளம்பும்போது பாப்பா உதடு கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. "அப்பன் கலரு வந்துடிச்சி" என்று கேலி வேறு பண்ணினேன். என் வாயைக் கழுவ வேண்டும்.

ஆய்வக வாசலில் நின்றால் உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. தண்ணீரில் வயல் உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டை அளக்க வேண்டும், லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ரோஸ்லினுக்கு நூற்று நாற்பது வந்தது. மற்றவர்களுக்கு எல்லாம் முப்பதுக்குள்.

"ஒரு புள்ளி விட்டிருப்பீங்கம்மா. பதினாலுன்னு திருத்திக் குடுத்துடுங்க" என்றார் தேர்வு நடத்திய அதிகாரி.

"மூணு தரம் செஞ்சிட்டேன் சார். நூத்தி நாப்பதுதான். மாத்தி எழுத மாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு புள்ளிதானே, வைத்துத் தொலைத்தால் என்ன? வேலை கைக்கு எட்டியிருக்கும். அவர் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"போச்சா?" என்றேன்.

"அத வுடுக்கா. பாப்பாவுக்குப் பால் மாவு எந்தத் தண்ணில கலக்குற?"

"இன்னாடி கேள்வி இது? நம்ம போர் தண்ணிதான். நல்லா கொதிக்க வச்சிதான் குடுக்குறேன்."

"கொதிக்க வச்சா இது போவாதுக்கா. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் ஏறும். கைக்கொழந்தைக்கு ரத்தத்துல காத்து சேராது, ஒதடு நெறம் மாறும்."

வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இப்பத்தான் பாட்டில் முழுக்கக் குடிச்சா. நீ சொன்ன மாதிரியே ரெண்டு தரம் கொதிக்க வச்சேன்" என்றார் பாக்யராஜ், பெருமையாக. "ஆனா இன்னமோ அழவே மாட்டேன்றா. தூங்கிக்கினே கீறா."

ரோஸ்லின் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, பாப்பா ஒதட்டப் பாருங்க."

அவர் நடந்துபோகும் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தார்.

"கறுப்பு இல்லம்மா" என்றார். "நீலமா கீது."