எல்லாம் ஜெஸ்லா கூற்று

பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மடிக்கணினியை ஏற்றி, கமராவின் கண்ணைத் தம் மூக்குக்கண்ணாடித் துணியால் இருமுறை ஒற்றி எடுக்கிறார் ஜெஸ்லா. டின்னின் உயரம் அவர் முகத்துக்கென்றே அளந்து செய்தது போன்றது. பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று மெல்லச் சொல்லி, கூட்டத்துள் நுழையக் கேட்கும் கட்டத்தில் தம் பெயரை அடிக்கிறார். திரையில் கொழும்பு முகங்கள் ஒவ்வொன்றாய் மலர்கின்றன. "கேக்குதா சேர்?" என்கிறார். கேட்கிறது என்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவர் வாயிலிருந்து வரும் சொல் அவ்வளவே.

மிளகும் கராம்பும் சாதிக்காயும் வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனியொன்றின் மாத்தளைக் கிளையில் கப்பல் பத்திரங்களைத் தயாரிப்பவர் அவர். வயது நாற்பத்து மூன்று. பதினாறு ஆண்டுகளில் அவர் அனுப்பிய பத்திரம் ஒன்றேனும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. அவர் குரல் உயர்ந்து கேட்டவரும் இல்லை. தேநீரில் சீனி போதாவிட்டால் சொல்லமாட்டார். குடித்து முடித்துவிட்டு, மறுநாள் வீட்டிலிருந்து ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி கொண்டுவருவார்.

கம்பனி இப்போது பாதி வீட்டிலும் பாதி அலுவலகத்திலுமாக நடக்கிறது. புதனும் வெள்ளியும் ஜெஸ்லாவுக்கு நாவுலையிலுள்ள வீடே அலுவலகம். அந்நாட்களிலும் காலை எட்டரைக்குச் சப்பாத்து அணிந்துதான் மேசைக்கு வருவார். "சப்பாத்துப் போட்டாத்தான் வேலைக்கு வந்த மாதிரி ஈக்கி" என்பது அவர் தரும் விளக்கம். தொழுகை வேளையில் கமராவின் கண்ணுக்கு ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டுவார். கமராவை அணைத்த பின்னரும் ஒட்டுவார்.

அந்த இரண்டு நாளும் சலுகையல்ல. அவருடைய கணவர் ஹுஸ்னி, ஈராண்டுக்கு முன் மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். தாங்கிப் பிடிக்க ஆளின்றி எழமாட்டார். மற்ற மூன்று நாளும் ஹுஸ்னியின் தங்கை வந்து பார்க்கிறார். புதனும் வெள்ளியும் தங்கைக்கு வேறு வீட்டில் வேலை. ஆகவே அந்த அனுமதி போனால் ஜெஸ்லாவின் உத்தியோகமும் போகும். மூன்று மாதத்துக்கொரு முறை அதற்கான படிவத்தில் கையொப்பமிடுபவர் கிளை முகாமையாளர் மஹ்ரூப்.

மாத்தளையில் கூட்ட மேசையைச் சுற்றி ஒன்பது பேர் அமர்வோம். பொதிகளின் லேபலுக்குத் தமிழ் எழுதிக்கொடுக்கும் எனக்கு ஒன்பதாவது கதிரை. முதல் நாள் ஒன்பது பேரும் தத்தம் கருவியைத் திறந்தபோது, ஒன்றின் ஒலியை மற்றொன்று பற்றி அறை ஊளையிட்டது. எனவே எட்டை மூடி, இடையில் நின்றுவிடாத ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். அது ஜெஸ்லாவினது.

பின்னர், கூட்டத்தில் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பெழுதும் மென்பொருளொன்றைக் கொழும்பு வாங்கியது. மூன்று மொழியும் அறிந்தது, அயராதது. பழம்பாட்டுக்களின் அடியில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று வகுத்துவைத்த சான்றோரைப் போல், இதுவும் ஒவ்வொரு வாக்கியத்தின் முன்னும் உரைத்தவர் பெயரை இடும். மாத்தளையிலிருந்து அது அறிந்த பெயர் ஒன்றே. லொறிக்கு டயர் கேட்டதும், கழிப்பறைக் குழாய் ஒழுகுவதை முறையிட்டதும், முகச்சவரத்தால் தாடை எரிகிறது என்றதும் எல்லாம் ஜெஸ்லா கூற்று.

"அக்கா, நேத்து என்னமா பேசுனீங்க! லொறி டயர்ல இருந்து தாடி வரைக்கும் ஒண்ணு விடல" என்பார் ஸ்டோர் பொறுப்பாளர் சசிக்குமார்.

"நான் பேசினா நல்லாத்தான் பேசுவேன் போல, தம்பி" என்பார் ஜெஸ்லா, பத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

ஆண்டிறுதியில், கூட்டங்களில் மிகுதியாகப் பங்களித்தவர் என்று கொழும்பு அவருக்கொரு சான்றிதழ் அனுப்பியது. அவர் அதை மற்றொரு பிஸ்கட் டின்னுக்குள் இட்டு மூடி, அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டார்.

சென்ற மாதம் அடைமழை. மிளகு காயாமல் ஸ்டோரில் குவிந்து கிடந்தது. காயவைக்கும் நாட்களைக் குறைக்க இயலாதா என்று கொழும்பிலிருந்து ஒரு பணிப்பாளர், தம் வீட்டுச் சாய்மனையில் இருந்தபடி கேட்டார். மஹ்ரூப் முணுமுணுத்தார்: "கட்டில்ல சாஞ்சிக்கிட்டு மொளகு காயவைக்கப் படிச்சித் தாறாங்க. ஊட்டுல ஈந்து வேல செய்றவனுக்கு வேல ஒண்டுதான், வாய்." தகரக் கூரையில் பெய்த மழையில் அது கொழும்புக்குக் கேட்கவில்லை. மென்பொருளுக்குக் கேட்டது. அரைமணி நேரத்தில், நிறுத்தக்குறி ஒன்றும் பிசகாமல், ஜெஸ்லாவின் கூற்றாக அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே மனிதவளப் பிரிவின் விஜிதாவிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் விளக்கம் தரவேண்டும். வீட்டிலிருந்து பணியாற்றும் அனுமதி அதன்பின் முடிவுசெய்யப்படும்.

மஹ்ரூப் ஜெஸ்லாவை ஸ்டோர் வாசலுக்கு அழைத்தார். "நான் செல்றத கேளுங்க ஜெஸ்லா. என்ட வாயால வந்ததுண்டு தெரிஞ்சா என்ட கதிரையே போயிரும். நீங்க ஒரு சொறி செல்லுங்க. பொம்புள ஆளு, மன்னிச்சிருவாங்க."

"அப்ப என்ட புதனும் வெள்ளியும், சேர்?"

"அத நான் பாத்துக்கொள்றேன். ஃபோமுக்குச் சைன் வைக்கிறவன் நான்தானே?" இதை அவர் அன்போடுதான் சொன்னார். ஆயினும் இருமுறை சொன்னார்.

சசிக்குமார் கொதித்தார். "உண்மையச் சொல்லிருங்க அக்கா! ஏழு பேரு பக்கத்துல இருந்தோம்ல."

"நீங்க செல்லுவீங்களா, தம்பி?"

சசிக்குமார் மிளகுச் சாக்கின் தையலைச் சற்றுநேரம் ஆராய்ந்தார். "எனக்கு அன்னைக்கு மழைச் சத்தம், அக்கா."

ஜெஸ்லா என்னையும் ஒருமுறை பார்த்தார். எனக்கும் அன்று மழைதான் கேட்டது. அதையும் இங்கே எழுதிவைப்பதே முறை.

செவ்வாய்க்கிழமை வந்தது. ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், வழக்கம்போல் டின்னைக் கவிழ்த்தார், மடிக்கணினியை ஏற்றினார், கமராவின் கண்ணை இருமுறை ஒற்றினார். "பிஸ்மில்லாஹ்" என்றார். ஆனால் பெயரை அடிக்கவில்லை. டின்னோடு மடிக்கணினியை மேசைமேல் மெல்ல நகர்த்திக் கொண்டுபோய், மஹ்ரூபின் முன் நிறுத்தினார்.

"என்ன ஜெஸ்லா, நெட் இல்லயா?"

"ஈக்கி, சேர். பேர் கேக்குது."

திரையில் ஒரு வெற்றுக் கட்டம். அதனுள் சிறு கோடொன்று மின்னி மறைந்து மின்னிக்கொண்டிருந்தது. மஹ்ரூபின் விரல்கள் மேசை விளிம்பில் இருந்தன. எழுவரும் கூரையைப் பார்த்தோம். அன்று மழை இல்லை.

மஹ்ரூப் அவரைவிட ஒரு சாண் உயரம். ஜெஸ்லா எழுந்து சென்று, அலுமாரியின் மேலிருந்த மற்ற டின்னை இறக்கித் தூசு தட்டினார். முதல் டின்னின் மேல் அதை வைத்து, மடிக்கணினியை அதன்மேல் ஏற்றி, கமராவின் கண்ணை மஹ்ரூபின் முகத்துக்கு நேராக்கிவிட்டுத் தம் கதிரையில் வந்து அமர்ந்தார்.